சைதாப்பேட்டைப் பாலமும் பொட்டோசி வெள்ளியும்: உலகமயம் எப்போது தொடங்கியது?

சைதைக்கரை (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, இரவு 9.40

உலகமயமாதல் என்றாலே நம்மில் பலருக்கு இந்தியா தன் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட 1991-தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. போன மாதம் மறைமலை அடிகள் பாலத்தின் சைதாப்பேட்டை முனையில் ஒரு பழைய கல்வெட்டைப் பார்த்தேன். பாரசீகம், அர்மீனியம், லத்தீன் என மூன்று மொழி எழுத்துகள். அடையாற்றின் மேல் 1726-ல் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிக்கொடுத்த கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகரின் கல் அது. பழைய பாலம் இப்போது இல்லை. கல் நிற்கிறது. பரங்கிமலைப் படிக்கட்டுகளைச் சீர்செய்தவரும் இவர்தான். 1751-ல் இங்கேயே இறந்தார். அவருடைய இதயத்தை மட்டும் ஈரானில் உள்ள ஜுல்ஃபாவுக்கு எடுத்துப்போனார்கள் என்று படித்ததிலிருந்து எனக்கு இவர் மேல் தனிப் பிரியம்.

இவருக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? மணிலா வணிகத்திலிருந்து. ஸ்பானியர்கள் தங்கள் மணிலாவுக்குள் ஆங்கிலேயரையும் டச்சுக்காரரையும் விடவில்லை. அர்மீனியர்களை விட்டார்கள். அதனால் சென்னைத் துணி அர்மீனியர் பெயரில் மணிலா போனது, திரும்பும்போது வெள்ளி வந்தது. ஆனால் மணிலாவில் வெள்ளிச் சுரங்கம் எதுவும் கிடையாது! அந்த வெள்ளி பசிபிக்கைத் தாண்டி, மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து வந்தது. மெக்சிகோவின் சுரங்கங்கள், அதற்கும் தெற்கே இன்றைய பொலிவியாவில் பொட்டோசி என்ற மலை, இவைதான் ஊற்று.

அகபுல்கோ கப்பல்களுக்கு ஆசியாவில் நிலையான துறைமுகமாக மணிலா நகரம் உருவானது 1571-ல். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா நான்கும் தொடர்ச்சியான வணிகத்தால் முதன்முதலாகப் பிணைந்தது அன்றுதான் என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. உங்கள் கருத்து என்ன?

கொற்கைமுத்து | ஞாயிறு, இரவு 10.25

நண்பருக்கு வணக்கம். கல்வெட்டுத் தகவலுக்கு நன்றி. ஆனால் 1571-ஐத் தொடக்கமாக வைப்பதை நான் ஏற்க மாட்டேன். கரூரிலும் கோவைப் பக்கத்திலும் ரோமானிய நாணயங்கள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. சோழர்கள் 1077-ல் சீனாவுக்குத் தூது அனுப்பினார்கள். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அங்கே சிவன் கோயில் கட்டி வாழ்ந்த வணிகர்கள் நம் ஆட்கள். அது உலக வணிகம் இல்லையா? ஐரோப்பியன் கப்பல் ஏறிய பிறகுதான் உலகம் ஒன்றானது என்று சொன்னால், அதற்கு முன் ஆயிரம் வருஷம் இந்தியப் பெருங்கடலில் ஓடிய கப்பல்களுக்கு என்ன பெயர்?

சைதைக்கரை | ஞாயிறு, இரவு 11.05

ஐயா, அந்த வணிகத்தை நான் சிறிதும் குறைக்கவில்லை. ஸ்பானியர்களும் போர்த்துகீசியர்களும் வந்து நுழைந்ததே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அந்தச் சந்தைக்குள்தான். வாங்குவதற்கு ஆசியாவில் எல்லாம் இருந்தது, விற்பதற்கு அவர்கள் கையில் பெரிதாக எதுவும் இல்லை. வெள்ளி ஒன்றுதான் இருந்தது.

இருந்தும் இரண்டு விஷயங்கள் புதிது என்று நினைக்கிறேன். முதலாவது, அமெரிக்கக் கண்டங்கள் அந்த வலைக்குள் வந்தது. சோழர் காலத்து அடுப்படியில் காரத்துக்கு மிளகு இருந்தது, மிளகாய் இல்லை.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். சீனாவில் வரியை வெள்ளியாகக் கட்டச் சொல்லி ஓர் அரசு முடிவெடுக்கிறது. அந்த முடிவின் பாரம், பொட்டோசிக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்த தென் அமெரிக்க டிட்டிகாகா ஏரிக்கரை கிராமத்தில் ஒரு குடியானவனின் முதுகில் இறங்குகிறது. இரண்டு பேருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது. ரோமானியர் நம் மிளகை வாங்கியபோது யாரோ ஒருவருக்கு லாபம், யாரோ ஒருவருக்கு ருசி. இந்த அளவுக்கு ஒரு ஊரின் உயிர் இன்னொரு ஊரின் கணக்குப் புத்தகத்தில் மாட்டிக்கொள்ளவில்லை.

பேரூர்வாசகி | திங்கள், காலை 7.10

அண்ணா, ஒரு சந்தேகம். சீனாவுக்கு ஏன் அவ்வளவு வெள்ளி வேண்டியிருந்தது? பட்டும் பீங்கானும் செய்யத் தெரிந்த நாடு, தன் பணத்தைத் தானே அச்சடித்துக்கொள்ளக் கூடாதா?

வகுப்பறைக்கு வெளியே | திங்கள், காலை 8.50

அம்மா, நான் பொருளாதாரம் கற்பிக்கிறவன், இதற்கு நான் பதில் சொல்கிறேன். அச்சடித்தார்கள், அதுதான் பிரச்சினையே. அன்று சீனாவை ஆண்ட மிங் அரசு ஆரம்பத்தில் காகிதப் பணம் வெளியிட்டது. கட்டுப்பாடில்லாமல் அச்சடித்ததில் 15-ஆம் நூற்றாண்டிலேயே அது மதிப்பிழந்துவிட்டது. செப்புக் காசு போதவில்லை, அதிலும் போலி ஏராளம். மக்கள் தாங்களாகவே வெள்ளிக் கட்டியை நிறுத்துக் கொடுத்து வாங்கப் பழகிவிட்டார்கள். நாணயம்கூட இல்லை, வெறும் கட்டி. அரசு பின்னால்தான் வந்தது. தானியம், துணி, உடலுழைப்பு என்று பலவாறாக இருந்த வரிகளை ஒன்றாகத் திரட்டி வெள்ளியில் கட்டச் சொல்லும் முறையை, சாங் ஜுசெங் என்ற தலைமை அமைச்சர் 1581-ல் நாடு முழுக்கப் பரப்பினார். ‘ஒற்றைச் சாட்டை’ என்று பொருள்படும் பெயர் அதற்கு.

உலகிலேயே மக்கள்தொகை மிகுந்த நாடு, அத்தனை பேருக்கும் வரி கட்ட வெள்ளி வேண்டும், சொந்த ஊரில் வெள்ளி குறைவு. விலை என்னவாகும்? 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் ஒரு பங்கு தங்கத்துக்குச் சுமார் பன்னிரண்டு பங்கு வெள்ளி கொடுக்க வேண்டும். சீனாவில் ஆறு பங்கு போதும். அதே வெள்ளி, கப்பலில் ஏற்றி இறக்கினாலே இரு மடங்கு. இந்தக் கணக்கு ஒன்று போதும், கப்பல் உடைந்தாலும் புயல் அடித்தாலும் அடுத்த ஆண்டும் ஒருவன் கிளம்புவான்.

ஜப்பானையும் மறந்துவிடாதீர்கள். அங்கே இவாமி சுரங்கத்து வெள்ளியும் சீனாவுக்குத்தான் போனது. சீனாவும் ஜப்பானும் நேரடியாக வணிகம் செய்ய மிங் அரசு தடை போட்டிருந்ததால், சீனக் கரையின் மக்காவு துறைமுகத்தில் உட்கார்ந்திருந்த போர்த்துகீசியர்கள் நடுவில் நின்று தரகு சம்பாதித்தார்கள். நாகசாகி அவர்களுக்குத் திறந்ததும் இதே 1571-ல்தான்.

கொலுசுப்பட்டறை | திங்கள், இரவு 9.15

நான் சேலம் செவ்வாப்பேட்டை. மூன்று தலைமுறையாக வெள்ளிப் பட்டறை. வரலாறு அதிகம் படித்தவன் இல்லை, ஆனால் வெள்ளி தெரியும். பொட்டோசியில் வெள்ளியை எப்படிப் பிரித்தார்கள் என்று நேற்று ராத்திரி தேடிப் படித்தேன். படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

மலையில் கிடைத்த உசத்தியான தாது முதல் இருபது இருபத்தைந்து வருஷத்தில் தீர்ந்துவிட்டது. உலையில் போட்டு உருக்கினால் கட்டுப்படியாகாத மட்டமான தாதுதான் மிச்சம். அப்போதுதான் பாதரசம் வந்தது. இந்த முறையை 1554-ல் மெக்சிகோவின் பச்சூகாவில் பார்த்தொலோமே தெ மெதினா என்பவர் கண்டுபிடித்தார். 1570-களில் பொட்டோசிக்கு வந்தது. தாதுவை மாவாக அரைத்து, உப்பும் பாதரசமும் சேர்த்துச் சேறாக்கிப் பல நாள் மிதிப்பார்கள். காலால்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், சின்ன அளவில். எங்கள் தெருவில் பட்டறைக் குப்பையையும் சாக்கடை மண்ணையும் வாங்கிப்போய் அலசுகிறவர்கள் வருவார்கள். மண்ணைச் சட்டியில் சுழற்றிச் சுழற்றி அலசி, அடியில் தங்கும் கருப்பு வண்டலில் ஒரு துளி பாதரசம் விடுவார்கள். அது உருண்டு ஓடும். ஓடின இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகளையும் வெள்ளித் துகளையும் விழுங்கிக்கொண்டே போகும். ஓட்டம் குறைந்து கனத்துப்போகும். துணியில் வைத்துப் பிழிந்தால் பாதரசம் துணி வழியாகச் சொட்டும், உள்ளே வெண்ணெய் மாதிரி ஒரு உருண்டை நிற்கும். அதை நெருப்பில் காட்டினால் மீதிப் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், உலோகம் நிற்கும். அந்த ஆவிக்கு வாசனையே கிடையாது. அதுதான் பயம். எங்கள் தாத்தா அந்த நேரத்தில் எங்களை வாசலுக்கு அனுப்பிவிடுவார். அலசுகிறவர் எங்கே போவார்?

அங்கே அது ஒரு துளி இல்லை. பெருவின் உவான்காவெலிகா என்ற மலையிலிருந்து பாதரசத்தை விலங்குகள் மேல் ஏற்றி, கடல் வழியாகவும் மலை வழியாகவும் கொண்டுவந்தார்கள். அந்தப் பாதரசச் சுரங்கத்துக்குள் போனவர்களுக்குக் கை கால் நடுக்கம், பல் உதிர்வு. பொட்டோசியின் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டர். அந்தக் குளிரில் பாதரசச் சேற்றில் வெறுங்காலோடு நின்றிருக்கிறார்கள்.

யாழ்க்கரையோரம் | செவ்வாய், காலை 6.30

தம்பி, உங்கட பதிவை இரண்டு தரம் வாசிச்சன். நன்றி. ஒண்டைச் சேர்க்க வேணும். அந்தச் சேற்றில நிண்ட ஆக்கள் தாங்களா விரும்பி வந்த ஆக்கள் இல்லை. 1570களில பெருவை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ ‘மீத்தா’ எண்ட முறையை நிறுவினார். இன்கா அரசர் காலத்தில ஊருக்குப் பொதுவா செய்யிற ஊழியத்துக்கு இருந்த பெயர் அது. அதே பெயரை எடுத்துச் சுரங்க வேலைக்குப் போட்டார்கள். பதினாறு மாகாணங்களில இருந்து, வளர்ந்த ஆண்களில ஏழுக்கு ஒருவர் வருசத்துக்குப் போக வேணும். கிட்டத்தட்ட 13,000 பேர். டிட்டிகாகா பக்கத்து ஊர்களில இருந்து மனுசி பிள்ளையளோட, லாமா மிருகங்களில சாமான் ஏத்திக்கொண்டு, இரண்டு மாசம் அளவில நடந்து போனவை. கனபேர் திரும்பி வரேல்லை. சிலர் செத்துப்போச்சினம், சிலர் திரும்பிப் போனால் திரும்பவும் முறை வரும் எண்டு வேற ஊருகளுக்கு ஓடிப்போச்சினம்.

ஆகையால் “வணிகம்” எண்ட சொல்லை மட்டும் வைச்சு இதைக் கதைக்கிறது எனக்குப் பொறுக்கேல்லை. எங்கட பக்கத்தையும் பாருங்கோ. பழவேற்காட்டில 1610-ல டச்சுக் கம்பனி வந்து இருந்தது எதுக்கு? துணிக்கு. அந்தத் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் இண்டைக்கு இந்தோனேசியாவில இருக்கிற மலுக்குத் தீவுகளில கிராம்பும் பாண்டாவில சாதிக்காயும் கிடைக்கும். பாண்டாச் சனம் தங்களோட மட்டும் வியாபாரம் செய்ய மறுத்ததெண்டு 1621-ல டச்சுக் கம்பனியின்ர ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் அந்தத் தீவுகளையே அழிச்சான். சுமார் 15,000 பேர் இருந்த இடத்தில ஆயிரம் பேரளவில்தான் மிஞ்சினவை. பிறகு தோட்டத்துக்கு ஆள் வேணுமே? சோழமண்டலக் கரையில பஞ்சம் வந்த வருசங்களில, தங்களையும் பிள்ளையளையும் வித்த சனத்தை அதே பழவேற்காட்டுக் கப்பல்களில ஏத்தி பத்தாவியா (இண்டைய ஜகார்த்தா) பக்கம் கொண்டுபோனவை. துணி போன பாதையில் ஆக்களும் போனவை.

கொற்கைமுத்து | செவ்வாய், மாலை 6.40

அம்மா எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவை மாற்றிச் சொல்ல வேண்டும். அடிமை வணிகம் பழைய காலத்திலும் இருந்தது. ஆனால் ஒரு பங்குதாரர் கம்பெனி, ஆண்டுக் கணக்கு எழுதி, ஒரு தீவின் மக்களை நீக்கிவிட்டு இன்னொரு கரையிலிருந்து மக்களை இறக்கியது சோழர் வரலாற்றிலோ பாண்டியர் வரலாற்றிலோ நான் காணாத ஒன்று. ‘புதிது’ என்று சைதைக்கரை சொன்னதை இந்த அளவில் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி இருக்கிறது. வெள்ளி வரத்து நின்றதால்தான் 1644-ல் மிங் அரசு விழுந்தது என்று எங்கோ படித்தேன். உண்மையா?

வகுப்பறைக்கு வெளியே | செவ்வாய், இரவு 8.05

அது வரலாற்றாசிரியர்களுக்குள் பெரிய சண்டை. 1639-ல் ஜப்பான் போர்த்துகீசியர்களை வெளியேற்றியது. அதே ஆண்டு மணிலாவில் சீனர்கள் எழுந்தார்கள், படுகொலை நடந்தது. இரண்டு பக்கமும் வெள்ளி சுருங்கியது, வரி கட்ட முடியாமல் குடியானவர்கள் நசுங்கினார்கள், அரசு கவிழ்ந்தது என்பது ஒரு தரப்பு. கோவையாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இது முழுத் திருப்தி தரவில்லை. அந்த ஆண்டுகளில் கடுமையான குளிர், வறட்சி, வெட்டுக்கிளி, கொள்ளைநோய், வடக்கே மஞ்சூக்களோடு போர், உள்ளே லி சிச்செங் கலகம் என்று எல்லாம் ஒன்றாக வந்தன. வெள்ளி மட்டும் ஒழுங்காக வந்திருந்தால் மிங் பிழைத்திருக்கும் என்று சொல்ல என்னால் முடியாது. வடமேற்கில் பட்டினி கிடந்து கலகம் செய்தவர்களுக்கு மணிலா எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது. ஆனால் வரியை வெள்ளியில் கேட்டதுதான் அவர்கள் கழுத்தை இறுக்கியது என்பதையும் மறுக்க முடியாது.

ஸ்பெயினுக்கே இந்த வெள்ளி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்பக் கடன்காரர்களுக்குக் கைவிரித்தார். உலகத்தின் பெரிய வெள்ளி மலை கையில் இருந்தும்!

தூத்துக்குடி மாலுமி | புதன், அதிகாலை 3.20

கப்பலில் இருந்து எழுதுகிறேன், சிக்னல் கிடைத்த நேரம். எங்கள் கப்பலில் 22 பேர், அதில் 14 பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். பசிபிக்கில் நாலு தடவை குறுக்கே போயிருக்கிறேன். அதனால் அந்தக் கப்பல்காரர்களைப் பற்றிச் சொல்ல ஆசை.

மெக்சிகோவிலிருந்து மணிலா வருவது சுலபம். வெப்பமண்டலத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே அடித்துக்கொண்டே இருக்கும், மூன்று மாதத்தில் தள்ளிக்கொண்டு வந்துவிடும். திரும்பிப் போக வழி தெரியாமல்தான் நாற்பது வருஷம் பல கப்பல்கள் தோற்றன. 1565-ல் உர்தனேத்தா என்ற பாதிரியார், அவர் பழைய மாலுமி, வடக்கே ஜப்பான் உயரம் வரை ஏறினார். அங்கே மேல்காற்றையும் குரோஷியோ நீரோட்டத்தையும் பிடித்துக் கலிபோர்னியா கரைக்குப் போய் அங்கிருந்து தெற்கே இறங்கினார். நாங்கள் இன்றைக்கும் அந்த உயரத்தில்தான் வளைந்து போகிறோம், தூரம் குறைவு என்பதால். குளிர்காலத்தில் அந்தக் கடலைப் பார்த்தவன் மறக்க மாட்டான். இரும்புக் கப்பலே முனகும். அவர்கள் மரக்கப்பலில் நாலு முதல் ஆறு மாதம், நடுவில் ஒரு துறைமுகம் இல்லாமல் போனார்கள். தண்ணீர் கெட்டுப்போகும். ஈறு வீங்கிப் பல் ஆடும் ஸ்கர்வி நோய். கப்பலில் பாதிப் பேர் கடலுக்குள் போன பயணங்களும் உண்டு. அந்தக் கப்பல்களைக் கட்டியதும் ஓட்டியதும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரர்கள். மரம் வெட்டக் கட்டாய வேலைக்குப் பிடித்துப்போனார்கள். இப்படியே 1815 வரை, 250 வருஷம் ஓடியது.

இன்னொரு விஷயம், நம் ஆட்களைப் பற்றியது. 1762-ல் ஆங்கிலேயர்கள் மணிலாவைப் பிடித்தார்கள் அல்லவா, அந்தப் படை கிளம்பியது சென்னையிலிருந்து. நம் பக்கத்துச் சிப்பாய்களும் அதில் போனார்கள். 1764-ல் நகரைத் திருப்பிக் கொடுத்தபோது சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் கைன்தா என்ற ஊரில் குடியேறி, அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டார்கள். எங்கள் போசனுக்கு (மேல்தள மாலுமிகளின் தலைவர்) அந்த ஊர் பக்கம்தான். “எங்க ஊர்ல சில குடும்பம் உன்னை மாதிரியே கருப்பா, உயரமா இருக்கும், உங்க நாட்டுச் சிப்பாய் வம்சம்னு சொல்வாங்க” என்று அவர்தான் முதலில் சொன்னார்.

பேரூர்வாசகி | புதன், காலை 9.00

படித்துக்கொண்டே வந்தேன், இந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. இந்தப் பக்கம் இருந்து அங்கே போன ஒரு பெண்ணைப் பற்றி நான் சொல்கிறேன். கத்தரீனா தே சான் ஹுவான். பிறந்தது இந்தியாவில், வடக்கே. சிறுமியாக இருக்கும்போது போர்த்துகீசியக் கடற்கொள்ளையர்கள் பிடித்துக் கொச்சிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து மணிலா. மணிலா அடிமைச் சந்தையிலிருந்து அகபுல்கோ கப்பலில் மெக்சிகோ. பூப்லா நகரத்தில் ஒரு வீட்டில் அடிமை. பிறகு விடுதலையாகி, ஒரு சின்ன அறையில் தவ வாழ்க்கை வாழ்ந்து 1688-ல் இறந்தார். ஊரே புனிதர் என்று கூடி அடக்கம் செய்தது. மூன்று பாகங்களில் வாழ்க்கை வரலாறு எழுதினார்கள். 1690-களில் கத்தோலிக்கச் சபையின் சமய விசாரணை மன்றம் அதைத் தடை செய்துவிட்டது.

ஆசியாவிலிருந்து வந்த எல்லாரையும் அங்கே ‘சீனோ’ என்றே அழைத்தார்களாம், இந்தியரோ, பிலிப்பைன்ஸ்காரரோ, யாரானாலும். பிடித்துப்போகும்போதே ஊரும் பேரும் போய்விட்டது. 1672-ல் ஸ்பானிய அரசு அந்த அடிமைகளை விடுவித்தது.

கொலுசுப்பட்டறை | புதன், இரவு 10.30

பொட்டோசியைப் பற்றி இன்னும் ஒன்று படித்தேன். எட்டு ரியால் என்ற ஸ்பானிய வெள்ளி நாணயம் சுமார் இருபத்தேழரை கிராம் எடை, அதில் இருபத்தைந்தரை கிராம் அசல் வெள்ளி. எங்கள் பாஷையில் 93 டச், அதாவது நூற்றுக்கு 93 பங்கு அசல். இப்போது நாங்கள் அடிக்கிற கொலுசில் பலதும் இதைவிடக் குறைவுதான். அந்தக் காலத்தில் சீனாவில் சராப்புகள் (காசு மாற்றுகிறவர்கள்) ஒவ்வொரு நாணயத்தையும் சோதித்துத் தங்கள் முத்திரையைக் குத்துவார்கள், அதனால் சில நாணயங்களில் முகமே தெரியாத அளவுக்குக் குழி விழுந்திருக்குமாம். உரைகல்லில் தேய்க்காமல் நாங்கள் வாங்குவோமா, அதே மாதிரிதான்.

அந்த நம்பிக்கையை ஒரு தடவை பொட்டோசியில் நாணயம் அடிக்கும் அக்கசாலையே கெடுத்தது. 1640-களில் உள்ளிருந்தவர்களே செம்பைக் கூடக் கலந்து மட்டம் போட்டார்கள். 1649-ல் வெளிப்பட்டுப் போய், கோமெஸ் தெ லா ரோச்சா என்ற பெரிய வெள்ளி வணிகருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் பெரு நாணயம் என்றால் வணிகர்கள் முகம் சுளித்தார்கள், மெக்சிகோ நாணயத்தைத்தான் கேட்டார்கள். பட்டறைக்காரனுக்கு இது புரியும். ஒரு தடவை டச் குறைந்த சரக்கு போனால் அந்த முத்திரைக்கு மூன்று தலைமுறைக்கு மதிப்பு வராது.

சேற்றை மிதித்தவனுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அவன் கூலி எவ்வளவு குறைவு என்றால், சுரங்கத்தில் மெல்ல கோக்கா இலையும் சோளமும் மெழுகுவத்தியும் அவனே வாங்க வேண்டும். வாங்கிக் கடன்பட்டு முறை முடிந்தும் ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே கூலியாக நின்றான்.

சைதைக்கரை | வியாழன், இரவு 9.55

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை வேலை முடிந்து மறுபடியும் பாலத்துக்குப் போனேன். கல்லைச் சுற்றிப் புல் வளர்ந்திருந்தது. அர்மீனிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். நான் ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாதவன். பாலத்துக்கு 30,000 வராகன் செலவு செய்தார் உஸ்கான். யாழ்க்கரையோரம் அம்மா சொன்னதிலிருந்து அந்த எண்ணை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. நல்ல மனிதர்தான். ஆற்றில் வெள்ளம் வந்தால் மயிலாப்பூருக்கும் பரங்கிமலைக்கும் நடந்து போகிறவர்கள் தவிக்கக் கூடாது என்று கட்டினார். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஒருவன் பாதரசச் சேற்றில் நின்ற நாள்களின் கூலி.

மாலுமி அண்ணா, அடுத்த முறை மணிலாவில் இறங்கினால் கைன்தா வரை போய்விட்டு வாருங்கள். அந்தக் குடும்பங்களில் சமையலுக்கோ உறவுக்கோ நம் சொல் ஏதாவது ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

தூத்துக்குடி மாலுமி | வெள்ளி, அதிகாலை 4.10

தம்பி, கப்பல் 19-ஆம் தேதி மணிலா சேர்கிறது. போசனிடம் சொல்லிவிட்டேன், அவர் அக்கா வீடு கைன்தாவிலேயே இருக்கிறதாம். போய்விட்டு வந்து இந்த இழையிலேயே எழுதுகிறேன்.